மாற்றார் கருத்தைக் காத்த ஏடுகள்

இந்தியத் தத்துவம் என்றவுடன் நியாயம், வைசேடிகம், சாங்கியம், யோகம், மீமாம்சை, வேதாந்தம் என்னும் ஆறு தரிசனங்களே பலருக்கும் நினைவுக்கு வரும். இவை தனித்தனியே தோன்றித் தனித்தனியே வளர்ந்தன என்ற எண்ணமும் பரவலாக உள்ளது. உண்மையில் இவை ஒன்றோடொன்றும், பௌத்தம், சமணம், உலகாயதம் ஆகியவற்றோடும் இடைவிடாது வாதிட்டு வளர்ந்தவையாகும். எனவே ஒரு தரிசனத்தின் நூல்கள் அழிந்தால், அதனை எதிர்த்த தரிசனங்களையும் முழுமையாக அறிய இயலாது.

பூர்வபட்சம்

சமஸ்கிருத சாத்திர நூல்களுக்கென ஓர் ஆய்வு முறை உண்டு. முதலில் ஆராயப்படும் பொருள் கூறப்படும். அதில் எழும் ஐயம் சுட்டப்படும். அடுத்து, மாற்றாரின் கொள்கை அவர்தம் காரணங்களுடன் எடுத்துரைக்கப்படும், இதுவே பூர்வபட்சம். அதனை மறுத்த பின்னரே ஆசிரியர் தம் முடிவை நிறுவுவார்.

நியாய சூத்திரம் விவாதத்தை மூன்று வகையாகப் பிரிக்கிறது. உண்மையைக் காணும் நோக்குடன் நிகழ்வது வாதம். வெற்றியையே கருதுவது சற்பம். தனக்கெனக் கொள்கை எதையும் நிறுவாமல் பிறர் கொள்கையைக் குலைப்பது விதண்டை.

இம்முறையால் விளைந்த பயனுக்கு நியாய மரபே சான்றாகும். நியாய சூத்திரத்துக்கு வாத்சியாயனர் உரை எழுதினார். பௌத்த அறிஞர் திங்நாகர் அதில் குறை கண்டார். உத்தியோதகரர் திங்நாகருக்கு மறுமொழி கூறினார். தர்மகீர்த்தி பௌத்தத் தருக்கத்தைத் திருத்தி அமைத்தார். வாசஸ்பதி மிசிரரும் உதயணரும் மீண்டும் விடையளித்தனர். பல நூற்றாண்டுகள் நீடித்த இவ்விவாதத்தில் இரு தரப்பின் தருக்கமும் கூர்மை பெற்றது.

ஏடுகள் மறைந்த விதம்

பனையோலையும் பூர்ச்ச மரப்பட்டையும் நிலையானவை அல்ல. பூச்சி, ஈரம், தீ ஆகியவற்றுக்குத் தப்பினாலும், சில நூற்றாண்டுகளுக்கு ஒருமுறையேனும் புதுப் படி எடுத்தாக வேண்டும். கற்போர் அருகினால் படி எடுப்போரும் அருகுவர். 1200-ஆம் ஆண்டையொட்டி நாலந்தா, விக்கிரமசீலம் போன்ற பௌத்த மடங்கள் வீழ்ச்சியுற்றன. அவற்றின் தருக்க நூல்கள் பலவும் இந்தியாவில் வழக்கொழிந்தன. தர்மகீர்த்தியின் 'பிரமாண வார்த்திகம்' நெடுங்காலம் திபெத்திய மொழிபெயர்ப்பின் வழியாகவே அறியப்பட்டது. மறுப்பு நூல்கள் இருந்தன. மறுக்கப்பட்ட நூல்கள் இல்லை.

மறுப்பவர் தரும் சுருக்கம் மூல நூலுக்கு ஈடாகாது. தாம் மறுப்பதற்கு வேண்டிய பகுதியையே அவர் எடுத்துக்கொள்வார். உலகாயதம் பெரும்பாலும் இவ்வாறே நமக்குத் தெரியவருகிறது. மாதவரின் 'சர்வதரிசன சங்கிரகம்' அதனை முதல் தரிசனமாக விளக்குகிறது. 'மணிமேகலை'யின் சமயக் கணக்கர் தந்திறம் கேட்ட காதையில் பூதவாதி தன் கொள்கையை எடுத்துரைக்கிறான். எனினும் இவை பிறர் எழுதியவையே.

பண்டாரங்களின் பணி

மறைந்தனவாகக் கருதப்பட்ட நூல்களுள் சில, மேற்கு இந்தியாவின் சமண ஞான பண்டாரங்களில் கிடைத்தன. பௌத்தராகிய சாந்தரட்சிதரின் 'தத்துவ சங்கிரகம்' 3,600-க்கும் மேற்பட்ட செய்யுள்களில் தம் காலத்துக் கொள்கைகளை ஆராய்கிறது. பண்டாரங்களில் காக்கப்பட்ட இந்நூல் 1926-ஆம் ஆண்டு பரோடாவில் அச்சேறியது. அதே ஆண்டில் குஜராத்தின் பாட்டண் நகரில் ஜயராசி பட்டரின் 'தத்துவோபப்லவ சிம்மம்' கண்டெடுக்கப்பட்டது. அறிவை அளக்கும் கருவிகள் அனைத்தையும் ஐயுறும் இந்நூலை அறிஞர் பலர் உலகாயதச் சார்புடையதாகக் கொள்வர். பண்டிதர் சுக்லால்ஜியும் ரசிக்லால் பரீக்கும் பதிப்பித்த இந்நூல் 1940-இல் வெளிவந்தது.

பிற சமயத்தாரின் நூல்களைச் சமணர் காத்ததற்குக் காரணங்கள் உண்டு. மாற்றாருடன் வாதிட அவர்தம் நூல்களை முறையாகக் கற்க வேண்டும் என அவர்கள் கருதினர். நூலைப் படியெடுத்து அளிப்பது அறமாகவும் போற்றப்பட்டது. பொருளைப் பல நோக்குகளிலும் காண வேண்டும் என்னும் அநேகாந்தவாதமும் இதற்கு இசைவாக அமைந்தது.

ராகுல சாங்கிருத்தியாயன் 1929 முதல் 1938 வரை நான்கு முறை திபெத்துக்குப் பயணம் செய்தார். பிரமாண வார்த்திகத்தின் சமஸ்கிருத மூலம் அப்பயணங்களினாலேயே மீண்டும் கிடைத்தது.

இனிச் செய்ய வேண்டுவன

கையெழுத்துச் சுவடிகளுக்கான தேசிய இயக்கம் 2003-ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. ஒரு கோடிக்கும் மேற்பட்ட சுவடிகளைக் கணக்கெடுத்துக் காப்பதற்கான 'ஞான பாரதம்' திட்டம் 2025-ஆம் ஆண்டின் மத்திய வரவு செலவுத் திட்டத்தில் அறிவிக்கப்பட்டது. மின்னணுப் படி ஏட்டின் உருவத்தைக் காக்கும். ஆனால் அதைப் படித்தறிய சாரதா, கிரந்தம், நந்திநாகரி போன்ற எழுத்துகளையும் சாத்திரப் பொருளையும் கற்றவர்கள் தேவை. ஆகவே பாதுகாப்புச் செலவுடன் பயிற்சிக்கும் பதிப்புப் பணிக்கும் உரிய இடம் அளிக்கப்பட வேண்டும்.

எந்தச் சுவடி பயனற்றது என்று முன்கூட்டியே முடிவு செய்வதும் தகாது. பாட்டண் பண்டாரத்தில் அவ்வாறு முடிவு செய்திருந்தால் ஜயராசியின் குரலை இன்று நாம் கேட்டிருக்க இயலாது. தமக்கு உடன்பாடில்லாத நூலையும் பிழையின்றிப் படியெடுத்துக் காத்தவர்கள் விட்டுச்சென்ற நெறி இதுவே. சுவடிகளைப் பட்டியலிடும் அலுவலரும் அவற்றைப் பயிலும் மாணவரும் பின்பற்றத் தக்க நெறியும் இதுவே ஆகும்.