காற்றைத் திணிக்கும் எஞ்சின்

மோட்டார் கார் எதனால் ஓடுகிறது என்று கேட்டால், பெட்ரோலால் ஓடுகிறது என்று உடனே விடை வரும். இது பாதி விடைதான். ஒரு லிட்டர் பெட்ரோல் முற்றிலும் எரிய ஏறத்தாழ 11 கிலோகிராம் காற்று தேவை. சாதாரண அழுத்தத்தில் இந்தக் காற்றின் பருமன் சுமார் 9,000 லிட்டர் ஆகும். எனவே எஞ்சினுக்குள் கூடுதலாகப் பெட்ரோலை ஊற்றுவது எளிது. அதை எரிப்பதற்கு வேண்டிய காற்றை உள்ளே கொண்டுவருவதுதான் கடினம். ஓர் எஞ்சினின் திறன், அது ஒரு வினாடியில் எவ்வளவு காற்றை உட்கொள்கிறது என்பதைப் பொறுத்தே அமைகிறது.

சாதாரண எஞ்சினில் பிஸ்டன் கீழே இறங்கும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் குறைகிறது. வெளியிலுள்ள வளிமண்டலம் காற்றை உள்ளே தள்ளுகிறது. வளிமண்டல அழுத்தத்திற்கு மேல் அங்கே வேறு உந்துதல் கிடையாது. கூடுதல் திறன் வேண்டுமானால் மூன்று வழிகள் உண்டு. சிலிண்டரைப் பெரிதாக்கலாம், எஞ்சினை இன்னும் வேகமாகச் சுழலச் செய்யலாம், அல்லது ஒரு பம்பை வைத்துக் காற்றை அழுத்தி உள்ளே திணிக்கலாம். மூன்றாவது வழிக்கு உதவும் பம்பே ‘சூப்பர்சார்ஜர்’. இதனைத் தமிழில் மிகையூட்டி எனலாம். எஞ்சினின் கிராங்க் தண்டிலிருந்து பெல்ட் அல்லது பல்சக்கரம் மூலம் இது சுழற்றப்படுகிறது. வெளியேறும் புகையின் ஆற்றலால் சுழலும் ‘டர்போசார்ஜர்’ இதன் உறவினர். ஆனால் அது வேறு கருவி.

சுரங்கத்திலிருந்து சாலைக்கு

மிகையூட்டியின் வரலாறு காருக்கு முற்பட்டது. அமெரிக்காவில் இந்தியானா மாநிலத்திலுள்ள கானர்ஸ்வில் என்ற ஊரில் ரூட்ஸ் சகோதரர்கள் இருவர் ஒரு காற்றூதியை அமைத்து, 1860இல் காப்புரிமை பெற்றனர். ஒன்றோடொன்று இணைந்து எதிரெதிராகச் சுழலும் இரண்டு உருளிகள் ஒரு பக்கத்துக் காற்றை வாரி மறு பக்கத்தில் தள்ளும் எளிய அமைப்பு அது. ஊதுலைகளுக்கும் சுரங்கங்களுக்கும் காற்று செலுத்த அது பயன்பட்டது. அதே அமைப்புதான் பின்னர் கார் எஞ்சினின் மேல் ஏறிற்று.

1921இல் பெர்லின் மோட்டார் கண்காட்சியில் மெர்சிடிஸ் நிறுவனம் மிகையூட்டி பொருத்திய இரு கார்களைக் காட்சிக்கு வைத்தது. இரண்டும் நான்கு சிலிண்டர் கார்கள். அவற்றுள் சிறியதன் பெயர் 6/25/40. இதில் 6 என்பது வரி விதிப்பதற்கான குதிரைத்திறன். 25 என்பது மிகையூட்டி ஓய்ந்திருக்கும்போது கிடைக்கும் திறன். 40 என்பது மிகையூட்டி சுழலும்போது கிடைக்கும் திறன். ஓட்டுநர் முடுக்கியை அடிவரை மிதித்தால் மட்டுமே ஊதி எஞ்சினோடு இணையும். காரின் பெயரே ஓர் இயற்பியல் பாடமாக அமைந்துவிட்டது எனலாம்.

எட்டு ஆண்டுகளுக்குப்பின், 1929இல், இங்கிலாந்தில் நாலரை லிட்டர் பென்ட்லி காரின் முன்புறத்தில், ரேடியேட்டருக்கு முன்னால், ரூட்ஸ் ஊதி ஒன்று பொருத்தப்பட்டது. இதுவும் நான்கு சிலிண்டர் எஞ்சின்தான். சாலையில் ஓடும் வகையில் அதன் திறன் 110 குதிரைத்திறனிலிருந்து 175 ஆக உயர்ந்தது. ஆனால் நிறுவனத்தைத் தோற்றுவித்த பென்ட்லிக்கு இம்முயற்சி பிடிக்கவில்லை. 1930ஆம் ஆண்டு லே மான் 24 மணி நேரப் பந்தயத்தில் ஊதி பொருத்திய பென்ட்லிகள் முடிவு வரை ஓடவில்லை. ஊதி இல்லாத பெரிய பென்ட்லி வென்றது. திறனைக் கூட்டுவது வேறு, கூட்டிய திறனைத் தாங்கச் செய்வது வேறு என்பதற்கு இது நல்ல சான்று.

அழுத்தினால் சுடும்

சைக்கிள் டியூபுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பாகம் சுடுவதை நாம் எல்லோரும் அறிவோம். வாயுவை வேகமாக அழுத்தும்போது நாம் செய்யும் வேலை அதன் வெப்பமாக மாறுகிறது. மிகையூட்டியிலும் இதுவே நிகழ்கிறது. இதன் விளைவை ஒரு கணக்கின் மூலம் காண்போம்.

வெளிக் காற்றின் வெப்பநிலை 35 டிகிரி செல்சியஸ், அதாவது 308 கெல்வின் என்று கொள்வோம். மிகையூட்டி அதை வளிமண்டல அழுத்தத்தைப்போல் ஒன்றரை மடங்கு அழுத்துகிறது. வெப்பம் வெளியேறாமல், எந்த இழப்பும் இல்லாமல் அழுத்தினால் வெப்பநிலை 38 டிகிரி உயர வேண்டும். ஆனால் ரூட்ஸ் ஊதியில் கசிவும் கலக்கமும் உண்டு. அதன் பயனுறுதிறன் 60 விழுக்காடு எனக் கொண்டால் உயர்வு 63 டிகிரி ஆகிறது. காற்று 98 டிகிரியில், ஏறக்குறைய கொதிநீரின் சூட்டில், வெளிவருகிறது.

வாயுவின் அடர்த்தி அழுத்தத்திற்கு நேர் விகிதத்திலும் கெல்வின் வெப்பநிலைக்கு எதிர் விகிதத்திலும் இருக்கும். ஆகவே அழுத்தம் 1.5 மடங்கானாலும் அடர்த்தி 1.5 மடங்காவதில்லை, 1.5 ஐ 308 ஆல் பெருக்கி 371 ஆல் வகுத்தால் ஏறத்தாழ 1.25 மடங்குதான் கிடைக்கிறது. நாம் எதிர்பார்த்த ஆதாயத்தில் பாதியை வெப்பம் விழுங்கிவிட்டது!

இதனை மீட்கவே மிகையூட்டிக்கும் எஞ்சினுக்கும் இடையே ஓர் இடைக்குளிர்ப்பான் வைக்கப்படுகிறது. இது ரேடியேட்டரைப் போன்றதே. உள்ளே சூடான காற்று செல்லும். வெளியே காரின் ஓட்டத்தால் வரும் காற்று அதன் இதழ்களின் மீது வீசும். 98 டிகிரிக் காற்றை அது 55 டிகிரிக்கு இறக்குகிறது என்று கொள்வோம். குழாய்களில் அழுத்தமும் சிறிது குறைந்து 1.47 மடங்காகிறது. இப்போது அடர்த்தி 1.38 மடங்கு. ஊதியின் வேகத்தைக் கூட்டாமலே 25 விழுக்காடாக இருந்த ஆதாயம் 38 விழுக்காடாகிறது.

ஊதியைச் சுழற்றவும் திறன் வேண்டுமல்லவா? 1.6 லிட்டர் எஞ்சின் நிமிடத்திற்கு 6,000 முறை சுழல்கிறது எனக் கொள்வோம். நான்கு வீச்சு எஞ்சின் ஆதலால் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை நிரம்பும். நிரம்புதல் 90 விழுக்காடு என்றால், ஒரு வினாடியில் சுமார் 114 கிராம் காற்று உள்ளே செல்லும். அதனை 63 டிகிரி சூடாக்கும் வேலை 7 கிலோவாட்டைச் சற்று மிஞ்சும். அதாவது சுமார் 10 குதிரைத்திறன். எஞ்சின் தன் வருமானத்தில் ஊதிக்குக் கொடுக்கும் கூலி இது. இடைக்குளிர்ப்பான் வெளியேற்றும் வெப்பமோ சுமார் 5 கிலோவாட்.

இக்கணக்கு உண்மை எஞ்சினோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று பார்க்கலாம். 1980களின் பிற்பகுதியில் டொயோட்டா நிறுவனம் தன் எம்.ஆர்.2 காரின் 1.6 லிட்டர் நான்கு சிலிண்டர் எஞ்சினுக்கு ரூட்ஸ் வகை மிகையூட்டியும் இடைக்குளிர்ப்பானும் பொருத்தியது. அமெரிக்காவில் விற்ற கார்களில் சாதாரண எஞ்சினின் திறன் 115 குதிரைத்திறன். மிகையூட்டி பொருத்தியதன் திறன் 145. 115 ஐ 1.38 ஆல் பெருக்கி 10 ஐக் கழித்தால் 149 வருகிறது. நம் காகிதக் கணக்கு அவ்வளவு மோசமில்லை! தேவையற்றபோது ஊதியை விலக்கிவைக்க அந்த எஞ்சினில் மின்காந்தக் கிளச்சும் இருந்தது. 1921இன் பழைய உத்தியின் புதிய வடிவம் இது.

சிலிண்டருக்குள் நிகழும் விபத்து

வெப்பக் காற்றினால் திறன் குறைவதோடு தொல்லை முடிவதில்லை. பெரிய ஆபத்து சிலிண்டருக்குள் இருக்கிறது. தீப்பொறியில் பற்றிய தீ, கலவையின் ஊடே சீராகப் பரவ வேண்டும். கலவை மிகச் சூடாக இருந்தால், தீ வந்து சேருமுன்பே மூலையிலுள்ள கலவை தானாகப் பற்றி வெடித்துவிடும். சுத்தியலால் தட்டுவது போன்ற ஒலி எழும். இதுவே ‘நாக்கிங்’ எனும் தட்டல்.

எரியும் வாயுவின் வெப்பம் 2,000 டிகிரிக்கும் மேற்பட்டது. பிஸ்டன் செய்யப்படும் அலுமினியக் கலவையோ 600 டிகிரியை ஒட்டியே உருகிவிடும். ஆயினும் பிஸ்டன் பிழைத்திருப்பதற்குக் காரணம், அதன் மேல் ஒட்டியிருக்கும் மெல்லிய, ஒப்புநோக்கில் குளிர்ந்த வாயுப் படலமும் அடியிலுள்ள எண்ணெயும் ஆகும். தட்டலின் அதிர்ச்சி அலைகள் அப்படலத்தைக் கிழித்துவிடுகின்றன. சில நிமிடங்களில் பிஸ்டனின் விளிம்பு அரிக்கப்படலாம். நடுவில் துளையும் விழலாம்.

இங்கே அமுக்க விகிதம் முக்கியமாகிறது. டொயோட்டாவின் சாதாரண எஞ்சினில் இவ்விகிதம் 9.4, மிகையூட்டி எஞ்சினில் 8. ஏன் குறைத்தார்கள்? அமுக்க வீச்சின் முடிவில் கலவையின் வெப்பநிலையைக் கணக்கிட்டால் விளங்கும். 35 டிகிரியில் நுழையும் காற்று, 9.4 விகிதத்தில் அழுத்தப்பட்டால் சுமார் 400 டிகிரியை அடையும். மிகையூட்டியிலிருந்து 98 டிகிரியில் நேராக நுழைந்தால் அதே எஞ்சினில் சுமார் 540 டிகிரி ஆகும். இடைக்குளிர்ப்பானில் 55 டிகிரிக்கு இறக்கி, விகிதத்தையும் 8 ஆகக் குறைத்தால், மீண்டும் ஏறத்தாழ 405 டிகிரிதான்! அழுத்தம் மட்டும் கூடுதலாக இருக்கும். அதனை உயர்ந்த ஆக்டேன் எண் கொண்ட பெட்ரோலும், தீப்பொறியைச் சற்றுத் தாமதப்படுத்துவதும் சமாளித்துவிடும்.

இந்த இரண்டையும் செய்யாமல், சாதாரண எஞ்சினில் ஊதியை மட்டும் மாட்டுகிறவர்களின் கார் முதல் நாள் பறக்கிறது. மறு வாரம் பட்டறையில் நிற்கிறது.

சிறிய கப்பியின் ஆசை

ஊதியைச் சுழற்றும் கப்பியைச் சிறிதாக்கினால் ஊதி வேகமாகச் சுழன்று அழுத்தம் கூடும். செலவு குறைந்த இந்த வழியைப் பலர் நாடுகின்றனர். இடைக்குளிர்ப்பான் இல்லாமல் அழுத்தத்தை 2 மடங்காக்கினால் என்ன ஆகும்? உயர்ந்த அழுத்தத்தில் ரூட்ஸ் ஊதியின் பயனுறுதிறன் சரிந்து 50 விழுக்காடாகிறது எனக் கொள்வோம். காற்றின் வெப்பநிலை 170 டிகிரியை எட்டும். அடர்த்தி 1.39 மடங்கு. ஊதிக்குக் கொடுக்கும் கூலி சுமார் 21 குதிரைத்திறன்.

முன்பு கண்ட எண்களோடு இதனை ஒப்பிடுங்கள். 1.5 மடங்கு அழுத்தமும் ஒரு குளிர்ப்பானும் தந்த காற்றின் அளவைத்தான் 2 மடங்கு அழுத்தமும் தருகிறது. ஆனால் கூலியோ இரட்டிப்பு; தட்டலின் ஆபத்தோ பன்மடங்கு. குளிர்விப்பதே மலிவான திறன் என்பது இதனால் தெளிவாகும்.

ரேடியேட்டரின் பங்கு

எரிபொருளின் ஆற்றலில் தோராயமாக மூன்றில் ஒரு பங்கு குளிர்நீரின் வழியே வெளியேறுகிறது. திறன் கூடினால் இவ்வெப்பமும் கூடும். 80 கிலோவாட் வெப்பத்தை வெளியேற்ற, ரேடியேட்டரில் நீர் 10 டிகிரி குளிர்வதாகக் கொண்டால், வினாடிக்கு சுமார் 2 லிட்டர் நீர் ஓடவேண்டும். நல்லவேளையாகச் சாலையில் முழுத் திறனைச் சில வினாடிகளே பயன்படுத்துகிறோம். நீண்ட மலை ஏற்றமும், காற்றோட்டமின்றி ஊர்ந்து செல்லும் நெரிசலுமே உண்மையான சோதனைகள். நெரிசலில் இடைக்குளிர்ப்பானும் எஞ்சினின் சூட்டை வாங்கித் தானே சூடாகிவிடும். ஆதலால் மின்விசிறியும், காற்றை ரேடியேட்டர் வழியே மட்டும் செலுத்தும் தகட்டுத் தடுப்புகளும் பெரிதும் உதவும்.

ரேடியேட்டரின் மூடியும் ஒரு கருவிதான். அது உள்ளழுத்தத்தை வளிமண்டலத்திற்கு மேல் இன்னொரு வளிமண்டல அளவு உயர்த்தினால் நீரின் கொதிநிலை 120 டிகிரியாகிறது. கொதித்து நீராவிக் குமிழ் ஒட்டிய இடத்தில் உலோகம் தன் வெப்பத்தை எளிதில் இழக்க முடியாது. தேய்ந்த மூடியை மாற்றாமல் பெரிய ரேடியேட்டர் வாங்குவதில் பொருளில்லை. அதுபோலவே, சூடாகிறது என்று தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவதும் தவறு. எஞ்சின் மிகக் குளிர்ந்திருந்தால் பெட்ரோல் சரிவர ஆவியாகாமல் சிலிண்டர்ச் சுவரின் எண்ணெயைக் கழுவிவிடும், தேய்மானம் மிகும். எஞ்சின் சூடாகத்தான் இருக்க வேண்டும். உள்ளே நுழையும் காற்றுதான் குளிர்ந்திருக்க வேண்டும்.

இறுதியாக ஒன்று. 1,100 கிலோகிராம் எடையுள்ள கார் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும்போது அதன் இயக்க ஆற்றல் சுமார் 425 கிலோஜூல். வேகம் 120 ஆனால் அது 611 கிலோஜூல். வேகம் கூடியது 20 விழுக்காடு. ஆற்றல் கூடியது 44 விழுக்காடு. இவ்வளவும் காரை நிறுத்தும்போது பிரேக்கில் வெப்பமாக மாறவேண்டும். ஆகவே வேலையை வரிசையாகச் செய்வதே அறிவுடைமை: முதலில் பிரேக், பிறகு குளிர்விப்பு, பிறகு அமுக்க விகிதமும் எரிபொருளும், கடைசியில்தான் கப்பி.