எண்ணிக்கை பிசகாத பொத்தான் கருவி

களத்தில் நெல் அளப்பவர் முதல் மரக்காலை ‘ஒன்று’ என்னாமல் ‘லாபம்’ என்று தொடங்குவது நம் வழக்கம். தேங்காய் எண்ணுவோர் நூற்றுக்கு ஒரு காயைக் குறியாகத் தனியே வைப்பதும் உண்டு. ஆயினும் நடுவே யாரேனும் பேச்சுக் கொடுத்தால் எண்ணிக்கை பிசகிவிடும். பிசகினால் உழவரின் விலையும் குறையும், உரிப்பவரின் கூலியும் குறையும். இருவர்க்கும் ஒரே எண்ணே கணக்கு.

காரியாபட்டி ஒன்றியத்தில் ஒருவர் தேங்காயைப் பெரியது, சிறியது, கழிவு எனப் பிரிப்பதாக வைத்துக்கொள்வோம். வகைக்கு ஒன்றாக மூன்று பொத்தான்கள், தவறாக அழுத்தியதைக் கழிக்க நான்காவது பொத்தான், எண்களைக் காட்ட ஒரு சிறு திரை, ஆர்டுவினோ என்னும் சிறு கணிப்பலகை ஆகியவை இருந்தால் அவருக்கு வேண்டிய கருவியைச் செய்துவிடலாம். ஒவ்வொரு பொத்தானிலிருந்தும் ஒரு கம்பி பலகையின் ஒரு முனைக்கும், மற்றொன்று அதன் தரைமுனைக்கும் செல்லும். கைப்பேசி மின்னேற்றி தரும் 5 வோல்ட் மின்சாரமே போதும். அருகிலுள்ள தொழிற்பயிற்சி நிலைய மாணவர் ஓரிரு நாளில் இதனைச் செய்து தருவர். பொத்தான்கள் உள்ளங்கையால் தட்டத்தக்க அளவுக்குப் பெரியனவாக இருத்தல் நலம். நார் ஒட்டிய கையால் சிறு பொத்தானைத் தேடிக்கொண்டிருக்க இயலாது.

இங்குக் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்றுண்டு. பொத்தானை அழுத்தும்போது உள்ளிருக்கும் உலோகத் தகடுகள் ஒரே தொடுதலில் நிற்பதில்லை. நொடியின் ஆயிரத்தில் சில பங்கு நேரம் துள்ளித் துள்ளித் தொடும். வேகமான கணிப்பலகை அத்துள்ளல்களையும் எண்ணி, ஒரு காயை மூன்றாகக் காட்டிவிடும். ஆதலால் ஓர் அழுத்தலை ஏற்றபின் நொடியில் இருபதில் ஒரு பங்கு நேரம் அப்பொத்தானைப் பொருட்படுத்தலாகாது என்றும், கையை எடுத்த பின்னரே அடுத்ததை ஏற்க வேண்டும் என்றும் நிரலில் எழுதிவிட வேண்டும்.

நாம் யாவரும் அறிந்த பொத்தான் கருவி மின்னணு வாக்குப்பதிவு இயந்திரமே. அது 1982இல் கேரளத்துப் பரவூர் தொகுதியில் 50 சாவடிகளில் முதன்முதலாகப் பயன்பட்டது. 2001 சட்டமன்றத் தேர்தலில் தமிழகம் முழுவதும் வந்தது. (2019 டிசம்பரில் நம் மாவட்டத்தில் நடந்த ஊரக உள்ளாட்சித் தேர்தலிலோ வாக்குச்சீட்டுகளை நிறம் பார்த்துப் பிரித்துக் கையால்தான் எண்ணினோம், அதற்கு எவ்வளவு நேரம் பிடித்தது என்பது உறுப்பினர்களுக்குத் தெரியும்.) வாக்குப்பதிவு தொடங்கும் முன் முகவர்கள் எதிரில் குறைந்தது 50 மாதிரி வாக்குகளைப் பதிந்து, எண்ணிக்கையை ஒப்பிட்டு, பின்னர் அழித்துவிடுவர்.

இம்முறையை நாமும் கைக்கொள்ளலாம். நாள்தோறும் காலையில் விற்பவரும் உரிப்பவரும் பார்த்திருக்க ஒவ்வொரு பொத்தானையும் 50 முறை அழுத்திப் பார்த்து, பிறகு சுழியாக்குக. சுழியாக்கும் வழி இரு பொத்தான்களைச் சேர்த்துச் சில நொடி பிடித்தால் மட்டுமே இயங்குவதாக இருக்கட்டும். தற்செயலாகக் கை பட்டு ஒரு நாள் கணக்கு அழிந்துவிடக் கூடாது. எத்தனை முறை கழிக்கப்பட்டது என்பதும் திரையில் தனியே தெரிய வேண்டும். மின்தடை வரலாமாதலால், நூறு காய்க்கு ஒருமுறை எண்ணைப் பலகையின் அழியா நினைவகத்தில் பதியச் செய்வதுடன் நோட்டிலும் எழுதிக்கொள்க.

பட்டாசுத் தொழிலில் ஈடுபட்டுள்ளோர்க்கு ஓர் எச்சரிக்கை: வெடிமருந்து புழங்கும் அறைக்குள் இக்கருவியை எக்காரணம் கொண்டும் கொண்டு செல்லலாகாது. சாதாரண மின்பொத்தானில் எழும் சிறு பொறியே அங்கு விபத்துக்குப் போதும்.