வாரத்துக்கு நீங்க உண்மையில எத்தனை மணி நேரம் வேலை பாக்கறீங்க? சம்பளத்தை அதால வகுத்துப் பாருங்க

உங்க சம்பளம் எவ்ளோன்னு கேட்டா டக்குனு சொல்லிடுவீங்க. சிடிசி இவ்ளோ, பிஎஃப் இவ்ளோ, கைக்கு வர்றது இவ்ளோன்னு மூணு நம்பரும் மனப்பாடமா இருக்கும். சரி, போன வாரம் எத்தனை மணி நேரம் வேலை பாத்தீங்க? ரிட்டர்ன் ஃபைல் பண்ண வர்றவங்ககிட்ட இதை நான் சும்மா கேட்டுப் பாக்கறது உண்டு. சில பேர் ஆஃபர் லெட்டர்ல இருக்கற 40-ஐயோ 48-ஐயோ சொல்வாங்க. மத்தவங்க "அதுக்கெல்லாம் கணக்கே இல்ல சார்"னு சிரிப்பாங்க. பெட்ரோலுக்கும் பாலுக்கும் கணக்கு வெச்சிருக்கறவங்க, தாங்க விக்கற ஒரே பொருளுக்குக் கணக்கு வெச்சுக்கறது இல்ல.

2023 அக்டோபர்ல இன்ஃபோசிஸ் நாராயண மூர்த்தி, இளைஞர்கள் வாரம் 70 மணி நேரம் உழைக்கணும்னு சொன்னார். 2025 ஜனவரியில எல் அண்ட் டி தலைவர் எஸ்.என்.சுப்ரமணியன் 90 மணி நேரம்னு பேசின வீடியோ பரவுச்சு. நாட்டுக்கு நல்லதா, உடம்புக்கு ஆகுமான்னு ஊரே சண்டை போட்டுச்சு. ஆடிட்டர் புத்திக்குத் தோணின கேள்வி வேற. அந்தக் கூடுதல் மணி நேரத்துக்குக் காசு வருமா, வராதா?

மாசம் கைக்கு 60,000 ரூபாய் வருதுன்னு வெச்சுக்குங்க. வாரம் 40 மணி நேரம்னா மாசத்துக்கு சுமார் 173 மணி நேரம் (40-ஐ 52-ஆல பெருக்கி 12-ஆல வகுக்கணும், வெறும் 4 வாரம்னு போட்டா கணக்கு தப்பாயிடும்). ஒரு மணி நேரத்துக்கு 346 ரூபாய். அதே சம்பளத்துக்கு வாரம் 70 மணி நேரம் வேலை பாத்தா 198 ரூபாய். 90 மணி நேரம்னா 154 ரூபாய். கம்பெனியில பங்கு வெச்சிருக்கறவர் கூடுதலா உழைச்சா அவர் பங்கோட மதிப்பு ஏறலாம். மாசச் சம்பளக்காரருக்கு ஏறுறது மணி நேரம் மட்டும்தான். போனஸ், புரமோஷன் வரும்னு சொல்வீங்க. வந்தா சந்தோஷம், அப்ப அதையும் சேர்த்து வகுங்க. வராத வரைக்கும் 154 தான்.

இப்ப உங்க சொந்தக் கணக்குக்கு வருவோம். விக்கி ராபினும் ஜோ டொமிங்குஸும் 1992-ல எழுதின 'யுவர் மணி ஆர் யுவர் லைஃப்' புத்தகத்துல ஒரு முறை இருக்கு. வேலைக்காகவே போற நேரத்தை எல்லாம் மணிக்கணக்குல சேர்க்கணும். வேலைக்காகவே ஆகற செலவை எல்லாம் சம்பளத்துல கழிக்கணும். அவ்ளோதான். அதை நம்ம ஊருக்குப் போட்டுப் பாக்கலாம்.

வீடு தாம்பரம், ஆபீஸ் சிறுசேரி, வாரம் 5 நாள். காலைல 9.30-க்கு உள்ள போய் 7 மணிக்கு வெளிய வந்தா தினம் ஒன்பதரை மணி நேரம், வாரத்துக்கு 47.5. ராத்திரி கிளையண்ட் கால், ஞாயித்துக்கிழமை "ஒரே ஒரு மெயில்" எல்லாம் சேர்த்து ஒரு மூன்றரை மணி நேரம். போக வர தினமும் இரண்டரை மணி நேரம்னு வெச்சா வாரத்துக்கு 12.5. மொத்தம் 63.5, அதாவது மாசம் 275 மணி நேரம். பெட்ரோல், கேப், மதியச் சாப்பாடு, நாலு மணி டீ, வீட்டுக்குத் திரும்பி சமைக்கத் தெம்பில்லாம ஸ்விக்கில போடற ஆர்டர் எல்லாம் சேர்த்து 7,000 ரூபாய்னு வெச்சுக்கலாம். மீதி 53,000. வகுத்தா மணிக்கு 193 ரூபாய் கூட முழுசா வரல. 346-னு நினைச்சது கிட்டத்தட்ட பாதியா நிக்குது.

டிராவல் நேரத்தை வேலைன்னு சேர்க்கலாமான்னு சில பேர் கேப்பீங்க. சட்டப்படி அது வேலை நேரம் இல்ல, கம்பெனி அதுக்குக் காசு தராது. ஆனா இது கம்பெனியோட கணக்கு இல்ல, உங்க கணக்கு. அந்த வேலை இல்லன்னா அந்த ரோட்டுல நின்னிருக்க மாட்டீங்க.

ஒரு எச்சரிக்கை. நேரத்தை ஞாபகத்துல இருந்து எழுதாதீங்க. அமெரிக்காவுல, ஜனங்க வாயால சொன்ன வாராந்திர வேலை நேரத்தையும், அதே ஜனங்க டைரியில குறிச்ச நேரத்தையும் ஆய்வாளர்கள் ஒப்பிட்டுப் பாத்தாங்க. ரொம்ப அதிக நேரம் உழைக்கறதா சொன்னவங்கதான் அதிகமா கூட்டிச் சொல்லியிருந்தாங்க. களைப்பு நம்ம கண்ணுக்கு மணி நேரத்தைப் பெருசாக் காட்டும். எதிர்ப்பக்கமும் உண்டு: பஸ்ல வர்றப்போ வாட்ஸ்அப்ல பதில் சொன்ன இருபது நிமிஷத்தை யாரும் வேலைன்னு எண்ணறது இல்ல. அதனால ரெண்டு வாரம் மட்டும் போன்ல குறிச்சு வைங்க. கூகுள் மேப்ஸ்ல டைம்லைன் ஆன்ல இருந்தா எப்ப உள்ள போனீங்க, எப்ப வெளிய வந்தீங்கன்னு அதுவே காட்டும். (செப்டம்பர் மாசம் டேக்ஸ் ஆடிட் சமயத்துல எங்க ஆபீஸ் டைம்லைனைத் தயவு செஞ்சு கேக்காதீங்க.)

இந்தக் கணக்கு நிஜமா உதவறது வேலை மாறும்போதுதான். அதே ஆளுக்கு 72,000 ரூபாய் ஆஃபர் வருது. 20 சதவீதம் ஹைக், வீட்டுல பாயாசம். ஆனா வாரம் 6 நாள், தினம் 10 மணி நேரம், அது 60. கால், மெயில் 5 மணி நேரம். போக வர தினம் 3 மணி நேரம்னா 18. மொத்தம் வாரம் 83, மாசம் சுமார் 360 மணி நேரம். செலவு 9,000 ஆயிடும். மீதி 63,000-ஐ வகுத்தா மணிக்கு 175 ரூபாய். சம்பளம் ஏறிடுச்சு, ரேட் இறங்கிடுச்சு. இன்னொரு மாதிரி பாருங்க: செலவு போக கையில நிக்கறது 10,000 ரூபாய்தான் கூடுது, அதுக்குக் கொடுக்கறது கூடுதலா 84 மணி நேரத்துக்கு மேல. அந்த நேரத்தை மணிக்கு 118 ரூபாய்க்கு வித்திருக்கீங்க. வேணாம்னு நான் சொல்லல. ஹோம் லோன் இஎம்ஐ கழுத்தை நெரிக்குதுன்னா 118 கூட சரிதான். விலை தெரிஞ்சு வித்தா போதும்.

இதுவரைக்கும் பேசினது ஓரளவு பேரம் பேச முடியற ஆளுங்களைப் பத்தி. தி.நகர் ஜவுளிக்கடையில நிக்கற பொண்ணுக்கு இது வேற கணக்கு. தமிழ்நாட்டுல கடை ஊழியர்களுக்கு உக்கார ஒரு இருக்கை தரணும்னே 2021-லதான் சட்டத்துல சேர்த்தாங்க.

தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947-ல வந்தது. ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம். ஓவர்டைமோட சேர்த்தாலும் நாளைக்கு 10, வாரத்துக்கு 54-ஐத் தாண்டக் கூடாது. அந்த ஓவர்டைமுக்கு சாதாரணக் கூலியைப் போல ரெண்டு மடங்கு தரணும். ஃபேக்டரிகளுக்கு 1948 சட்டத்துலயும் இதே 48, இதே ரெண்டு மடங்கு. 2025 நவம்பர் 21-ல அமலுக்கு வந்த புதுத் தொழிலாளர் சட்டத் தொகுப்புகள்லயும் ரெண்டு மடங்கு அப்படியே தொடருது.

15,000 ரூபாய் சம்பளம், மாசம் 26 நாள், நாளைக்கு 8 மணி நேரம்னா மணிக்கு 72 ரூபாய். ரெண்டு மடங்கு 144. கடையில நிஜமா சாப்பாட்டு நேரம் போக 10 மணி நேரம் வேலைன்னா வாரம் 60. அது 54-ங்கற உச்சவரம்பையே தாண்டிடுச்சு, அந்த வேலையே வாங்கியிருக்கக் கூடாது. 48-க்கு மேல இருக்கற 12 மணி நேரத்துக்கு மட்டும் கணக்குப் போட்டா மாசம் 52 மணி நேரம், 7,500 ரூபாய். சம்பளத்துல சரியா பாதி. இது ஒரு வருஷத்துக்கு 90,000. தீபாவளிக்கு ஒரு புடவையும் ஸ்வீட் பாக்ஸும் கொடுத்து முடிச்சுடற கணக்கு இது.

"நான் மேனேஜர் சார், எனக்கு ஓடி கிடையாது"ன்னு ஐடி நண்பர்கள் சொல்வாங்க. நிர்வாகப் பொறுப்புல இருக்கறவங்களுக்கு இந்தச் சட்டத்துல விலக்கு உண்டுங்கறது சரி. ஆனா விசிட்டிங் கார்டுல இருக்கற பேரு முடிவு பண்றது இல்ல, செய்யற வேலையோட தன்மைதான் முடிவு பண்ணும். கீழ ஒரு ஆள் கூட இல்லாத மேனேஜர் நம்ம ஊருல எத்தனை பேர்!

சம்பளமே இல்லாத மணி நேரமும் வீட்டுல இருக்கு. மத்திய அரசோட 2019 நேரப் பயன்பாட்டு சர்வே, சம்பளமில்லாத வீட்டு வேலை செய்யறவங்கள்ல பெண்கள் அதுக்கு நாளைக்கு 299 நிமிஷம், ஆண்கள் 97 நிமிஷம் செலவிடறதா சொல்லுது. 299 நிமிஷம்னா வாரத்துக்கு கிட்டத்தட்ட 35 மணி நேரம். வேலைக்குப் போற பெண் ஆபீஸ்ல 48 மணி நேரம் பாத்துட்டு வந்து இந்த 35-ஐயும் பாத்தாங்கன்னா, மேல சொன்ன 90 மணி நேர வாரம் பக்கத்துலயே வந்துடுது. அதுக்கு யாரும் வீடியோ போடல. 2021 ஜனவரியில ஒரு விபத்து இழப்பீட்டு வழக்குல உச்ச நீதிமன்றம் இந்த சர்வே நம்பரை எடுத்துப் பேசி, இல்லத்தரசிக்கும் வருமானம் உண்டுன்னு கணக்குல வெச்சுதான் இழப்பீடு பாக்கணும்னு சொல்லுச்சு. வீட்டுக்கு இன்சூரன்ஸ் பிளான் பண்ணும்போது சம்பாதிக்கறவர் பேர்ல மட்டும் போட்டுட்டு நிறுத்தறவங்க இதைக் கவனிங்க. அந்த 35 மணி நேரத்தை ஆள் வெச்சு செய்ய என்ன ஆகும்னு உங்க ஏரியா ரேட்டுல ஒரு தடவை விசாரிங்க.

ஓவர்டைம் பணம் யாருக்காவது வருதுன்னா ஒண்ணு ஞாபகம்: அதுவும் சம்பள வருமானம்தான், வரி உண்டு. பேஸ்லிப்ல தனி வரியா வருதான்னு பாருங்க. "இன்சென்டிவ்"னு ஒரே தொகையா போட்டிருந்தா எத்தனை மணி நேரத்துக்கு, எந்த ரேட்டுல போட்டாங்கன்னு ஹெச்ஆர்கிட்ட எழுத்துல கேளுங்க. வருகைப் பதிவை மாசாமாசம் ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைங்க, வேலையை விட்டு வந்த பிறகு லாகின் இருக்காது.

ரெண்டு வாரம் நேரம் குறிக்க ஒரு சின்ன எக்செல் ஷீட் பண்ணியிருக்கேன். மஞ்சள் கட்டத்துல நேரமும் செலவும் போட்டா போதும், மணி ரேட் தானா வரும். லிங்க் இந்த வார வீடியோவோட டிஸ்கிரிப்ஷன்ல இருக்கு. வந்த நம்பரை கமெண்ட்ல போடுங்க, சம்பளத்தைப் போட வேண்டாம்.