11 நிமிடத்தில் பறந்த இதயம்!



விழுப்புரத்தில் சென்னை பஸ் ஏறினால் விக்கிரவாண்டி, திண்டிவனம், மேல்மருவத்தூர் எல்லாம் தாண்டி செங்கல்பட்டு வரும். அங்கிருந்து கிழக்கே கொஞ்ச தூரம் போனால் திருக்கழுக்குன்றம். மலைக்கோவிலுக்கும், அங்கு வந்து உணவு உண்ட கழுகுகளுக்கும் பெயர் பெற்ற ஊர். ஹிதேந்திரனின் ஊரும் அதுதான்.

யார் இந்த ஹிதேந்திரன்?

15 வயதுப் பையன். அப்பா அசோகன், அம்மா புஷ்பாஞ்சலி இருவருமே டாக்டர்கள். 2008 செப்டம்பரில் மோட்டார் சைக்கிள் விபத்தில் ஹிதேந்திரனுக்குத் தலையில் பலத்த அடிபட்டது. சென்னை அப்பல்லோ மருத்துவமனையில் சேர்த்தும் காப்பாற்ற முடியவில்லை. மூளைச்சாவு ஏற்பட்டுவிட்டது.

மூளைச்சாவு என்றால் மயக்கம் அல்ல. கோமாவும் அல்ல. கோமாவில் இருப்பவர் கண் விழிக்கக்கூடும். மூளைச்சாவு அடைந்தவரின் மூளை நிரந்தரமாக நின்றுவிட்டது. அவர் திரும்ப மாட்டார். மூச்சு கொடுக்கும் இயந்திரத்தின் உதவியால் இதயம் மட்டும் சிறிது நேரம் துடிக்கும். நான்கு டாக்டர்கள் சேர்ந்து, குறைந்தது 6 மணி நேர இடைவெளியில் இருமுறை சோதித்த பிறகே இதை உறுதி செய்ய வேண்டும் என்கிறது சட்டம்.

பெற்ற பிள்ளையை அந்த நிலையில் பார்ப்பது எத்தனை கொடுமை! ஆனால் அந்தப் பெற்றோர், மகனின் உறுப்புகளைத் தானம் செய்ய முன்வந்தார்கள்.

சாலை வழிவிட்டது

அப்போது முகப்பேரில் உள்ள இன்னொரு மருத்துவமனையில், பெங்களூரைச் சேர்ந்த 9 வயதுச் சிறுமி மாற்று இதயத்துக்காகக் காத்திருந்தாள். உடலில் இருந்து எடுத்த இதயத்தை சுமார் 4 மணி நேரத்துக்குள் பொருத்திவிட வேண்டும். சென்னை நெரிசலில் முக்கால் மணி நேரம் ஆகக்கூடிய பயணம் அது. போக்குவரத்துப் போலீசார் வழியெங்கும் மற்ற வண்டிகளை நிறுத்தி வைத்தார்கள். தேனாம்பேட்டையில் புறப்பட்ட இதயம் 11 நிமிடத்தில் முகப்பேர் சேர்ந்தது! டாக்டர் கே.எம்.செரியன் குழுவினர் அதைச் சிறுமிக்குப் பொருத்தினார்கள்.

அதன்பின் தமிழ்நாட்டில் உறுப்பு தானம் பற்றி வீட்டுக்கு வீடு பேச்சு எழுந்தது. தானமாகக் கிடைக்கும் உறுப்புகளை முறைப்படி பகிர்ந்து கொடுக்கும் அரசுத் திட்டமும் அதே 2008இல் நடைமுறைக்கு வந்தது. உறுப்பு தானம் செய்தவர்களின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையுடன் நடக்கும் என்று 2023 செப்டம்பர் 23 அன்று தமிழக அரசு அறிவித்தது.

திசு தானம் தெரியுமா?

இதயம், கல்லீரல், சிறுநீரகம் போன்றவை உறுப்புகள். கண்ணின் கருவிழி, தோல், எலும்பு, இதய வால்வு ஆகியவை திசுக்கள். பொதுவாக, இறந்தவரின் இதயம் துடித்துக் கொண்டிருக்கும்போதே உறுப்புகளை எடுப்பார்கள். அதற்குப் பெரிய மருத்துவமனை வேண்டும். திசுக்கள் அப்படி அல்ல. இதயம் நின்ற பிறகும் எடுக்கலாம். தானமாகக் கிடைத்த தோல், தீக்காயம் பட்டவரின் புண்ணை மூடிக் காக்கும். கருவிழி, பார்வை தரும்.

கருவிழி என்பது கண்ணின் முன்னால் இருக்கும் கண்ணாடி ஜன்னல். அரை மில்லிமீட்டர் கனம்தான்! அது மங்கிவிட்டால் வெளிச்சம் உள்ளே போகாது.

1905இல், இன்று செக் குடியரசில் உள்ள ஓலொமோட்ஸ் நகரில் ஒரு கூலித் தொழிலாளி இருந்தார். சுண்ணாம்பு பட்டு அவருடைய இரு கண்களும் பார்வை இழந்திருந்தன. அதே சமயம் 11 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு, இரும்புத் துண்டு பாய்ந்த கண்ணை எடுக்க வேண்டியதாயிற்று. அந்தக் கண்ணின் கருவிழியை டாக்டர் எட்வர்ட் சிர்ம் தொழிலாளிக்குப் பொருத்தினார். ஒரு கண்ணில் பார்வை திரும்பியது. மனிதருக்கு மனிதர் கருவிழி பொருத்தி வெற்றி கண்டது அதுவே முதல் முறை!

வீட்டில் சொல்லுங்கள்

கண் தானத்துக்கு 11 நிமிடப் பயணம் தேவையில்லை. திண்டிவனம் பக்கத்துக் கிராமத்து வீட்டில் இருந்தும் கொடுக்கலாம். ஆனால் நேரம் உண்டு.

* இறந்த 6 மணி நேரத்துக்குள் கண்களை எடுக்க வேண்டும். உடனே கண் வங்கிக்குப் போன் செய்ய வேண்டும்.

* டாக்டர் குழு வரும்வரை இறந்தவரின் இமைகளை மூடி, ஈரப் பஞ்சு வைக்க வேண்டும். மின்விசிறியை நிறுத்த வேண்டும். தலைக்குத் தலையணை வைத்துச் சற்று உயர்த்த வேண்டும்.

* கண்ணாடி போட்டவர், கண்புரை ஆபரேஷன் செய்தவர், சர்க்கரை நோய் உள்ளவர், 80 வயதுத் தாத்தா, எல்லோரும் கொடுக்கலாம். முகம் விகாரமாகாது.

* ஒருவரின் இரு கண்கள் இருவருக்குப் பார்வை தரும்.

தாத்தா கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தாலும், கடைசியில் சம்மதம் சொல்ல வேண்டியது வீட்டார்தான். அழுகையும் கூட்டமுமாக இருக்கும்போது பெரியவர்களுக்கு அது நினைவுக்கு வராமலே போகலாம். ஆகவே கண் வங்கியின் போன் நம்பரை விசாரித்து, வீட்டுச் சுவரில் எழுதி வையுங்கள். அந்த நேரத்தில் எடுத்துச் சொல்ல ஒரு பிள்ளை போதும்!

இன்னொன்று. கியர் வைத்த மோட்டார் சைக்கிளை 18 வயது ஆகும்வரை தொடாதீர்கள். அப்பா, அண்ணன் வண்டி எடுத்தால் ஹெல்மெட்டை எடுத்துக் கையில் கொடுங்கள். தானம் செய்ய மனம் வேண்டும். ஆனால் எந்த அப்பா அம்மாவுக்கும் 15 வயதுப் பிள்ளைக்காக அந்தச் சம்மதத்தைச் சொல்லும் நாள் வரவே கூடாது.