ரோபோ பொம்மைக்கு மறுவண்ணம் பூசுதல்

கடையில் வாங்கிய ரோபோ பொம்மையின் நிறத்தையும் சில உறுப்புகளையும் மாற்றி, அதை வேறொரு பாத்திரமாக ஆக்குவது மறுவண்ணம் பூசுதல் எனப்படும். அறிவியல் புனைகதை ரோபோக்களை விரும்புவோரிடம் இது உலகெங்கும் உள்ள பொழுதுபோக்கு ஆகும்.

பின்னணி

இதைப் பெரிய அளவில் செய்துகாட்டியவை பொம்மை நிறுவனங்களே. ஜப்பானின் டகாரா நிறுவனம் டயாக்ளோன் என்ற பெயரில் விற்ற ரோபோக்களை அமெரிக்காவின் ஹாஸ்ப்ரோ நிறுவனம் உரிமம் பெற்று, 1984-இல் டிரான்ஸ்ஃபார்மர்ஸ் என வெளியிட்டது. அவற்றுள் ஸ்டார்ஸ்க்ரீம், தண்டர்கிராக்கர், ஸ்கைவார்ப் ஆகிய மூன்றும் ஒரே அச்சில் வார்க்கப்பட்ட போர்விமானங்கள். முறையே சாம்பல், நீலம், கறுப்பு என நிறம்தான் வேறு. ஆனால் சிறுவர்களுக்கு அவை மூன்று தனி ஆட்கள்! நம் நாட்டில், எம்.ஆர்.எஃப். குழுமத்தைச் சேர்ந்த ஃபன்ஸ்கூல் நிறுவனம் தயாரித்த ஜி.ஐ. ஜோ வீரர்கள் சிலர் அமெரிக்கப் பதிப்பில் இல்லாத நிறங்களில் வந்தனர். வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் இன்றும் அவற்றைத் தேடி வாங்குகிறார்கள்.

பூச்சு ஏன் உரிகிறது?

நவராத்திரிக்கு முன் பழைய கொலு பொம்மைக்கு வண்ணம் தீட்டிப் பழகிய கை, ரோபோவில் ஏமாந்துபோகும். சுட்ட மண்ணும் காகிதக்கூழும் நுண்துளைகள் உடையவை. பூச்சை உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும். பிளாஸ்டிக் அப்படி உறிஞ்சாது. போதாக்குறைக்கு, அச்சிலிருந்து எளிதாகக் கழற்றுவதற்காகத் தடவிய எண்ணெய்ப்பசையும் அதன்மேல் சிறிது ஒட்டியிருக்கும்.

ஒரே பொம்மையில் பல வகைப் பிளாஸ்டிக்குகள் இருப்பதையும் கவனிக்க வேண்டும். உடல் பெரும்பாலும் ஏபிஎஸ் என்னும் கடின வகை. இதில் பூச்சு நன்றாக நிற்கும், ஆனால் அசிட்டோன் பட்டால் கரைந்துவிடும். வளைந்து கொடுக்கும் கை, தலை போன்றவை மென்மையான பிவிசி. அதை மென்மையாக்கச் சேர்த்த பொருள் மெல்லக் கசிவதால், அதன்மேல் அடித்த ஸ்பிரே பெயிண்ட் மாதக்கணக்கில் பிசுபிசுப்பாகவே இருக்கக்கூடும். மூட்டுகளில் சில வேளை வழுவழுப்பான பாலிஅசிட்டால் இருக்கும். அதில் எந்தப் பூச்சும் நிலைப்பது அரிது, விட்டுவிடுவதே நல்லது.

செய்முறை

ராஜபாளையத்திலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ இருப்பவர்கள் வெளிநாட்டுப் பூச்சுகளுக்குக் காத்திருக்க வேண்டாம். ஹார்டுவேர் கடையும் எழுதுபொருள் கடையும் போதும். திருகுகளைக் கழற்றும்போது பொம்மையை ஒரு தட்டில் வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே சுருள்வில் இருந்தால் துள்ளி ஓடிவிடும். பிவிசி கைகளைச் சுடுநீரில் சற்று நேரம் வைத்தால் இளகிக் கழன்றுவரும்.

பாகங்களைப் பாத்திரம் துலக்கும் சோப்பு நீரில் கழுவி உலர்த்தி, 400, பிறகு 800 எண் உப்புத்தாளை நீரில் நனைத்துத் தேய்க்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத அந்தக் கீறல்களில்தான் பிரைமர் பிடிக்கிறது. மறுவண்ணத்தில் பாதி வேலை இதுவே. பலர் அவசரப்படுவதும் இங்கேதான். புதிய கவசமோ கொம்போ வேண்டுமானால் எம்-சீலைப் பிசைந்து ஒட்டி, இறுகியபின் தேய்த்துச் சரிசெய்யலாம். பிரைமரை முதலில் கண்ணில் படாத உட்பக்கத்தில் சோதிக்கவும். அதன்மேல் அக்ரிலிக் வண்ணத்தை நீர்த்த நிலையில் இரண்டு மூன்று பூச்சாக அடிக்க வேண்டும். ஒரே கனத்த பூச்சு, வார்ப்பில் உள்ள நுண்கோடுகளை மூடிவிடும். மூட்டுகள் உரசும் இடத்தில், பூச்சின் கனத்துக்கு ஈடாக முன்கூட்டியே சிறிது தேய்த்துவிட வேண்டும். இல்லாவிட்டால் முதல் அசைவிலேயே உரியும்.

பருவமும் முக்கியம். ஐப்பசி, கார்த்திகை மழை நாள்களில் ஸ்பிரே அடித்தால் கரைப்பான் ஆவியாகும் குளிர்ச்சியில் ஈரம் படிந்து, பூச்சு வெண்புகை படர்ந்ததுபோல் ஆகும். ஆடிக்காற்றில் தூசி ஒட்டும். மாசி, பங்குனி ஏற்றது. ஆனாலும் மொட்டைமாடி வெயிலில் காயவைத்தால் மென்பாகங்கள் வளையும்.

ரோபோவின் மார்பில் எண்ணும் சின்னமும் வேண்டுவோர் ஸ்டிக்கர் ஒட்டலாம். அச்சுத்தொழிலுக்குப் பெயர்பெற்ற சிவகாசி பக்கத்திலேயே இருக்கிறதே!

எச்சரிக்கை

வீட்டு, அலங்கார வண்ணப்பூச்சுகளில் ஈயம் 90 பிபிஎம் அளவைத் தாண்டக்கூடாது என்ற இந்திய விதி 2017 நவம்பர் முதல் நடைமுறையில் உள்ளது. வாகனப் பூச்சு போன்ற தொழிற்சாலைப் பூச்சுகள் இதில் அடங்கா. எனவே, ஒர்க்‌ஷாப்பில் மீந்த பெயிண்டை, விலையில்லாமல் கிடைத்தாலும், பொம்மைக்குப் பயன்படுத்தக் கூடாது. 2021 முதல் பொம்மைகளுக்குக் கட்டாயமான ஐ.எஸ்.ஐ. முத்திரை, நாம் பூசிய வண்ணத்துக்குப் பொருந்தாது. மறுவண்ணம் பூசிய ரோபோவை, எதையும் வாயில் வைக்கும் வயதுக் குழந்தைக்கு எட்டாத உயரத்தில் வைக்க வேண்டும்.