சிம்பன்சி தின்னாத இலை

"காட்டுக் குரங்குக்கு வயிற்றில் பூச்சி வந்தால் எந்தக் கிளினிக்குக்குப் போகும்?" இரண்டாம் வகுப்புப் படிக்கும் என் மகன் கேட்ட கேள்வி இது. சிரித்துவிட்டு விட்டுவிட மனமில்லாமல் தேடிப் படித்தேன். பதில் ஆப்பிரிக்காவின் தான்சானியாவில் கிடைத்தது.

1987 நவம்பர். தங்கனிக்கா ஏரிக்கரையில் உள்ள மஹாலே மலைக்காட்டில் ஆய்வாளர் மைக்கேல் ஹஃப்மனும் முகமதி செய்ஃபு கலுண்டேயும் சவுசிக்கு என்ற பெண் சிம்பன்சியைப் பின்தொடர்ந்தார்கள். கலுண்டே அந்த மண்ணின் தோங்வே இனத்தவர், மூலிகை வைத்தியம் தெரிந்தவர். சோர்ந்து கிடந்த சவுசிக்கு எழுந்து ஒரு செடியிடம் போனது. கிளையை ஒடித்து, இலைகளையும் பட்டையையும் நீக்கியது. உள்ளே இருந்த தண்டின் சோற்றை மென்று, சாற்றை விழுங்கி, சக்கையைத் துப்பியது. மறுநாள் அது பழையபடி நடமாடியது. அந்தச் செடியைத் தம் மக்களும் வயிற்றுக் கோளாறுக்கும் குடற்புழுவுக்கும் பயன்படுத்துவதாகக் கலுண்டே சொன்னார்.

சிம்பன்சிகளைப் படுத்துவது குடல் சுவரில் முடிச்சு முடிச்சாகத் தங்கும் ஒரு வகைப் புழு. அதன் முட்டை சாணத்தோடு மண்ணில் விழும். ஈரத்தில் பொரிக்கும் குஞ்சுப் புழு இலைதழைகளில் ஏறி, தின்னும்போது மறுபடி வயிற்றுக்குள் போய்விடும். அதனால் மழைக்காலத்தில்தான் தொல்லை அதிகம். பின்னர் ஒருமுறை, இதே சாற்றைக் குடித்த ஒரு சிம்பன்சியின் சாணத்தைச் சோதித்தார்கள். ஒரு கிராமுக்கு 130 ஆக இருந்த புழு முட்டைகள் 20 மணி நேரத்தில் 15 ஆகக் குறைந்திருந்தன.

இன்னொரு வைத்தியமும் உண்டு. காலையில் வெறும் வயிற்றில், சொரசொரப்பான இலைகளை மெல்லாமல் மடித்து மடித்து விழுங்கும். சுமார் ஆறு மணி நேரத்தில் இலை அப்படியே வெளியேறும். கூடவே புழுக்களும் வரும். தாய்லாந்தின் காவோ யாய் காட்டில் வெண்கைக் கிப்பன்களும் இப்படிச் செய்வதை 2017இல் ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். நம் தீபகற்பக் காடுகளில் விடியற்காலையில் கூவும் 'உங்கா' அதே இனம்தான்.

சவுசிக்கு தேடிப் போன செடியின் பெயரைப் பார்த்ததும்தான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். வெர்னோனியா அமிக்டலினா. மலேசியாவில் பலர் வீட்டு வாசலில் வளர்க்கும் 'பிஸ்மில்லா' செடி! சிங்கப்பூரில் 'தென்னாப்பிரிக்க இலை' என்பார்கள். சர்க்கரை குறையும் என்று இதன் இலையைக் கொதிக்க வைத்துக் குடிப்பவர்கள் நம்மிடையே உண்டு. சிம்பன்சி ஒதுக்கித் தள்ளியதும் இதே இலையைத்தான். நச்சுத்தன்மை கொண்ட வெர்னோடாலின் என்ற பொருள் இலையிலும் பட்டையிலும்தான் மிகுதி. மேற்கு ஆப்பிரிக்கர்கள் இந்த இலையைச் சமைக்கிறார்கள் என்பது உண்மை. ஆனால் பலமுறை அலசிப் பிழிந்து, கசப்பைப் போக்கிய பிறகே அது பானைக்குப் போகும்.

எங்கள் தோட்டத்துப் பாட்டி வேப்பங்கொழுந்தை அரைத்துக் கொடுத்த காலம் நினைவிருக்கிறது. எந்தப் பிள்ளைக்கு எவ்வளவு என்று அவர் கைக்குத் தெரியும். அந்தக் கையளவு வாட்ஸ்அப் செய்தியில் வருவதில்லை. 'இயற்கைதானே, என்ன செய்துவிடும்?' என்று நாம் அதைப் பிள்ளைகளின் வாயில் ஊற்றிவிடுகிறோம். எந்தப் பகுதி, எவ்வளவு, எப்போது என்பது காட்டில் வாழும் சிம்பன்சிக்கே தெரிகிறது.

பிள்ளைக்குப் பூச்சித் தொல்லை என்று தோன்றினால் கிளினிக்கில் வயதுக்கேற்ற மாத்திரை கேளுங்கள். மண்ணில் விளையாடி வந்தால் சவர்க்காரம் போட்டுக் கை கழுவச் சொல்லுங்கள், செருப்பில்லாமல் விடாதீர்கள். வீட்டில் சர்க்கரைக்கு மாத்திரை எடுக்கும் பெரியவர் பிஸ்மில்லா இலைச் சாறும் குடிக்கிறாரா? அடுத்த முறை போகும்போது அதை மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.