வீட்டுத் தோட்டத்திற்கு எருக்குழியா, எருத்தொட்டியா?

வீட்டுத் தோட்டத்தில் கூட்டெரு தயாரிக்க முற்படுவோர் பலர் முதலில் குழி தோண்டிவிடுகின்றனர். மழைக்காலத்தில் அதில் நீர் தேங்குகிறது, குப்பை நாறுகிறது, ஈக்கள் பெருகுகின்றன, தழைச்சத்தும் வீணாகிறது. ஈராண்டில் வீட்டார் அம்முயற்சியையே கைவிடுகின்றனர். பிழை குப்பையிலன்று, குழியிலேயே உள்ளது.

குப்பையை மட்கச் செய்யும் நுண்ணுயிர்களுக்குக் காற்றும் ஈரமும் ஒருங்கே வேண்டும். 1924 முதல் 1931 வரை இந்தூரில் ஆய்வு நடத்திய ஆல்பர்ட் ஹோவர்டு, வறண்ட மாதங்களில் குழியையும், மழை மாதங்களில் தரைமேற் குவியலையும் கைக்கொண்டார். குழி ஈரத்தைக் காக்கும். குவியலில் நீர் தேங்காது.

எனவே, மழை மிகுந்த பகுதிகளில் மேட்டு நிலத்தில் அமைந்த செங்கல் தொட்டியே ஏற்றது. அதன் நீளம், அகலம், உயரம் ஆகிய மூன்றும் 3 அடிக்குக் குறையலாகாது. சிறு குவியலில் உஷ்ணம் நிலைப்பதில்லை. 55 முதல் 60 டிகிரி சென்டிகிரேடு வரை சூடேறினால்தான் பெரும்பாலான களை விதைகள் அழியும். சுவரில் கல்லுக்குக் கல் இடைவெளி விட்டுக் கட்டுதல் வேண்டும். அடித்தளத்திற்குச் சிமெண்டு பூசுவது வீண் செலவு. மிகுநீர் வடிய வழியின்றிப் போகும். முன்புறத்தைக் கழற்றக்கூடிய பலகைகளால் அடைத்தால் எருவைப் புரட்டுவது எளிது. செங்கல் கிட்டாவிடில் மூங்கில் தட்டியும் உதவும். ஆயின் கறையான் அதனை நெடுநாள் விட்டுவைப்பதில்லை.

சருகு மிகுதியாகவும், பசுந்தழையும் காய்கறிக் கழிவும் அதற்குக் குறைவாகவும் மாற்றி மாற்றிப் பரப்பி, இடையே சிறிது சாணக் கரைசல் தெளிக்க வேண்டும். ஒரு பிடி குப்பையை எடுத்துப் பிழிந்தால் கை நனையலாம், நீர் சொட்டலாகாது. சொட்டினால் சருகு சேர்த்துப் புரட்டுக.